சான்றிதழ் உள்ள சங்கிலி ஏன் அறுகிறது?

செம்பூரில் தங்கியிருக்கும் ஒரு நண்பர், அடுத்த மாதம் ஜுஹுவில் ஹெலிகாப்டர் ஏறி, நங்கூரத்தில் நிற்கும் ஒரு டிரில்ஷிப்பில், அதாவது கடலடியில் எண்ணெய்க் கிணறு துளையிடும் கப்பலில், வேலைக்குச் சேரப் போகிறார். அவர் கேட்டிருப்பது இது: “ரிக்கின் மூரிங் லைன் அறுந்து போகாமல் தடுப்பது எப்படி? எங்கள் சங்கிலிக்கு எல்லாச் சான்றிதழும் இருக்கிறது. அப்படி இருந்தும் அறுவதாகச் சொல்கிறார்களே, ஏன்?” இதில் இரண்டாவது கேள்விதான் உயிரானது. சங்கிலி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்துவிட்டார். கணக்குப்படி தாங்க வேண்டிய மூரிங் லைன், அதாவது கப்பலை நங்கூரத்தோடு பிணைக்கும் சங்கிலியோ வயரோ, எந்த இடத்தில் கைவிடுகிறது, கப்பலில் இருப்பவர் அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மும்பை ஹை எண்ணெய் வயலில் கடலின் ஆழம் ஏறக்குறைய 75 மீட்டர். அங்கே துளையிடும் ரிக்குகளில் பெரும்பாலானவை ஜாக்-அப் வகை. கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்பதால் துளையிடும்போது அவை மூரிங் லைனை நம்பி இருப்பதில்லை. கிழக்கே கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடலில் துளையிடும் புதிய கப்பல்கள் பெரும்பாலும் டைனமிக் பொசிஷனிங் முறையில், அதாவது விசிறிகளை ஓட்டி, நின்ற இடத்தில் நிற்கின்றன. மூரிங் லைனை நம்பி நிற்பவை நங்கூரமிட்ட டிரில்ஷிப்கள், பாதி மூழ்கி மிதக்கும் செமி-சப்மெர்சிபிள்கள் (சுருக்கமாகச் செமி), எண்ணெயைப் பிரித்தெடுத்துச் சேமித்து இறக்கும் எஃப்.பி.எஸ்.ஓ. கப்பல்கள், எண்ணெய் ஏற்றும் மிதவைகள், இவற்றோடு ஆட்கள் தங்கும் பார்ஜ்களும் குழாய் பதிக்கும் பார்ஜ்களும். கடைசியாகச் சொன்ன பார்ஜ்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நம் கடற்கரையில் அதிக உயிர்கள் போனது அங்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

லைன் அறுவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. 1980 முதல் 2001 வரை வட கடலில் திரட்டிய கணக்கின்படி, துளையிடும் செமி ஒன்றுக்குச் சராசரியாக 4.7 இயங்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை லைன் கைவிட்டிருக்கிறது. எஃப்.பி.எஸ்.ஓ.வுக்கு 8.8 ஆண்டுகள். அது வட கடல், குளிர் நீர், கடும் அலை. அரபிக்கடலுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஒரு கப்பலின் ஆயுளுக்குள் இது நடக்கும் என்று வைத்துக்கொண்டு தயாராவதே சரி.

இப்போது வலு. கண்ணியின் கம்பி 76 மி.மீ. விட்டம் உள்ள, ஆர்4 என்ற உயர்தர எஃகுச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறைந்தபட்ச முறிவு பலம் 6,001 கிலோநியூட்டன், அதாவது சுமார் 612 டன். எல்லா லைனும் நல்ல நிலையில் இருக்கும்போது, புயல் கணக்கில் வரும் உச்ச இழுவிசையைப்போல் 1.67 மடங்கு பலம் இருக்க வேண்டும் என்பது ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வழிகாட்டல். அப்படியானால் இந்தச் சங்கிலியில் 366 டன் வரை இழுக்கலாம். ஒரு லைன் அறுந்த பிறகு மீதி லைன்களுக்கு 1.25 மடங்கு போதும், அதாவது 490 டன் வரை. இந்தச் சங்கிலியின் விட்டம் தேய்ந்து 5 சதவீதம் குறைந்தாலும் பலம் 5,460 கிலோநியூட்டனுக்குத்தான் இறங்கும். 9 சதவீத இழப்பு. ஆகவே நேராக இழுக்கப்படும் ஒரு சங்கிலி, சீரான தேய்மானத்தால் மட்டும் சாதாரண வானிலையில் அறுவது மிகவும் கடினம். அறுந்த லைன்களைப் பார்த்தால், லைன் வேறொரு பொருளைத் தொடும் இடத்திலோ, ஒன்றோடொன்று இணையும் இடத்திலோதான் பெரும்பாலும் முறிவு இருக்கும்: ஃபேர்லீட் (கப்பலிலிருந்து இறங்கும் சங்கிலியைத் திருப்பிவிடும் சக்கரம்), ஸ்டாப்பர் (சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் பூட்டு), இணைப்புக் கண்ணி, வயரின் முனையைப் பிடிக்கும் சாக்கெட்டின் கழுத்து, கடலடியைத் தொடும் இடம். உங்கள் கவனத்தில் முக்கால்வாசி இந்த ஐந்து இடங்களுக்குப் போகட்டும்.

அதற்குக் காரணம் உலோகக் களைப்பு. ஒரே ஒரு பெரிய இழுப்பைவிட லட்சக்கணக்கான சின்னச் சின்ன இழுப்புகள்தான் கண்ணிக்குள் விரிசலைத் தொடங்கி வைக்கின்றன. சங்கிலியின் களைப்பு ஆயுள் இழுவிசை ஏற்றஇறக்கத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஏற்றஇறக்கம் 10 சதவீதம் கூடினால் ஆயுளில் கால்வாசி போய்விடும். இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். ஏ.பி.ஐ.யின் 2எஸ்கே வழிகாட்டலில் ஆயுள் கணக்கில் வரும் மாறிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நடுவில் குறுக்குக் கட்டை, அதாவது ஸ்டட் உள்ள கண்ணிக்கு 1000, ஸ்டட் இல்லாத கண்ணிக்கு 316, கென்ட்டர் இணைப்புக் கண்ணிக்கு 178. அதே இழுவிசையில் கென்ட்டரின் ஆயுள் பக்கத்து ஸ்டட் கண்ணியின் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முறிவு பலச் சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே எண்தான் எழுதியிருக்கும். நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. சான்றிதழ் ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்த கதையைச் சொல்கிறது. கடல் இழுப்பது ஒரு முறை அல்ல.

கென்ட்டரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டு அரைக் கண்ணிகள் ஒன்றோடொன்று கொக்கி போல் கவ்விக்கொள்ளும். நடுவில் ஸ்டட் நுழைந்து இரண்டும் விலகாமல் தடுக்கும். அந்த ஸ்டட் நகராமல் இருக்கக் குறுக்காக ஒரு கூம்பு ஊசி இறங்கும். ஊசியின் தலைக்கு மேல் உள்ள குழியில் ஈயத்தை வைத்து அடித்து மூட வேண்டும். குழியின் அடிப்பக்கம் மேல்வாயைவிட அகலமாகக் கடைந்திருப்பதால், அடித்த ஈயம் பரவி உள்ளேயே பூட்டிக்கொள்ளும். தவறு நடப்பது இப்படி: ஊசி முழுவதும் இறங்காமல் தலை கொஞ்சம் மேலே நிற்கும்போதே ஈயத்தை வைத்து மூடிவிடுவார்கள். அல்லது குழியில் பழைய ஈயத் துணுக்கும் கிரீசும் கிடக்கும். அதன்மேல் புது ஈயம் பிடிக்காது. ஃபேர்லீடில் சில நூறு முறை அதிர்ந்ததும் ஈயம் கழன்று, ஊசி கழன்று, கடைசியில் ஸ்டட் கழலும். இன்னொரு தவறு, இரண்டு வெவ்வேறு கென்ட்டரின் பாதிகளை மாற்றிப் பூட்டுவது. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றாகக் கடைந்தவை. ஒரே எண் இரு பாதியிலும் ஸ்டட்டிலும் பொறித்திருக்கும். எண் பொருந்தாவிட்டால், கையில் சரியாகப் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் பூட்டக் கூடாது. மேலே எடுக்கும் ஒவ்வொரு முறையும் கென்ட்டரைப் பிரித்து, பெயின்ட் நீக்கி, காந்தத் துகள் சோதனை செய்ய வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது. உள்மூலையில் தொடங்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். எந்த லைனில் எத்தனை கென்ட்டர், ஃபேர்லீடிலிருந்து எவ்வளவு தூரத்தில், என்ன எண், எப்போது போட்டது என்ற பட்டியல் இல்லாத ரிக்கில் முதலில் அந்தப் பட்டியலை உருவாக்குங்கள். சங்கிலி நீளத்தைச் சரிசெய்யும்போது கென்ட்டர் ஃபேர்லீடுக்குள்ளோ ஸ்டாப்பரின்மேலோ வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளவும் அந்தப் பட்டியல்தான் வேண்டும்.

ஃபேர்லீடுக்கு வருவோம். அதன் பள்ளங்களில் கண்ணி உட்காரும்போது இழுப்போடு வளைவும் சேர்கிறது. பள்ளம் தேய்ந்தால் கண்ணி சாய்ந்து உட்காரும், ஒரு விளிம்பில் மட்டும் பாரம் விழும். சக்கரம் சுழலாமல் இறுகிப் போயிருந்தால் இன்னும் மோசம், கண்ணி அரைபட்டுக்கொண்டே இருக்கும். கிரீஸ் போவதைச் சந்தேகப்பட்டால் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, சங்கிலியை ஓரிரு கண்ணி இழுத்துப் பாருங்கள். கோடு நகர வேண்டும். நீண்ட நாள் ஒரே கிணற்றில் நிற்கும்போது அவ்வப்போது சங்கிலியை இரண்டு மூன்று கண்ணி நகர்த்தி, அதே கண்ணி அதே பள்ளத்தில் வருடம் முழுவதும் நசுங்காமல் பார்த்துக்கொள்வதும் நல்ல வழக்கம். இந்த வளைவு எவ்வளவு கொடியது என்று துறைக்கே புரிய வைத்தது 2002ல் அங்கோலா கடலில் நின்ற கிராசோல் ஏற்றுமதி மிதவை. கடலில் வைத்து ஓராண்டு ஆவதற்குள் அதன் சங்கிலிகள் முறிந்தன. நேர் இழுப்புக் களைப்புக் கணக்கு நீண்ட ஆயுளைக் காட்டியிருந்தது. நடந்தது என்னவென்றால், லைன் அதிக இழுவிசையில் கட்டப்பட்டிருந்ததால் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருளவில்லை. உராய்வில் பூட்டிக்கொண்டு, கெட்டியான கம்பிபோல் வளைந்தன. மிதவை ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் சங்கிலி வாயருகே இருந்த கண்ணியை வளைத்தது. தொழிற்சாலையில் சோதனைப் பாரம் ஏற்றும்போது கண்ணிகளின் தொடுபரப்பு கொஞ்சம் தட்டையாவதும் இந்தப் பூட்டுக்கு உதவுகிறது. இன்று நிரந்தர மூரிங்குகளுக்கு இந்த வளைவைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் கண்ணிகளுக்கிடையே உராய்வு எவ்வளவு என்பதில் இன்னும் இழுபறி உண்டு. ஆகவே அந்தக் கணக்கின் விடையைப் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று அட்சரம் பிசகாமல் நம்ப வேண்டாம்.

சங்கிலியை அளப்பது எப்படி? ஸ்டட் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் விட்டத்தைப்போல் 6 மடங்கு, அகலம் 3.6 மடங்கு. ஐந்து கண்ணிகளின் மொத்த நீளம் 22 மடங்கு. புதுச் சங்கிலிக்குக் கூட்டிக்கொள்ள 2.5 சதவீதம்வரை அனுமதி உண்டு, குறைவதற்கு அனுமதி இல்லை. நம் 76 மி.மீ. சங்கிலியில் ஐந்து கண்ணி 1,672 மி.மீ. முதல் 1,714 மி.மீ. வரை இருக்கலாம். பழைய சங்கிலியில் இந்த அளவு கூடிக்கொண்டே வந்தால், கண்ணிகள் கவ்வும் இடம் தேய்கிறது அல்லது கண்ணி நீண்டுவிட்டது என்று பொருள். விட்டத்தை அந்தக் கவ்வும் இடத்தில், ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி, இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டின் சராசரி மூல விட்டத்தின் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் கண்ணியை ஒதுக்கிவிட வேண்டும். நம் சங்கிலிக்கு அது 72.2 மி.மீ. கண்ணியின் நேர்ப்பகுதியை மட்டும் அளந்து “நன்றாக இருக்கிறது” என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே தேய்மானம் இருக்காது. நகரும் ரிக்குகளின் சங்கிலிக்கு ஏ.பி.ஐ.யின் “2I” வழிகாட்டல் சொல்லி வந்த இடைவெளி இது: மூன்று வயதுவரை 36 மாதத்துக்கு ஒரு முறை, நான்கு முதல் பத்து வயதுவரை 24 மாதம், பத்தைத் தாண்டினால் 8 மாதம். அந்த எட்டு மாதத்தைப் பலர் செலவாகப் பார்க்கிறார்கள். என் கருத்து, பத்து வயதைத் தாண்டிய சங்கிலியை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற முடிவை எடுக்கச் சொல்லித்தான் அந்த எண் அவ்வளவு சின்னதாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்டட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இறுகியிருந்தால் மணிபோல் ஒலிக்கும், தளர்ந்திருந்தால் மந்தமாகக் கேட்கும். தளர்ந்த ஸ்டட் வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. கண்ணியின் பக்கங்கள் உள்ளே வளையாமல் தாங்கும் கட்டை அது. தளர்ந்த பிறகு அந்தக் கண்ணியின் களைப்பு ஆயுள் ஸ்டட் இல்லாத சங்கிலியைவிடவும் கீழே போகலாம். இதற்கு வைத்தியமாக ஸ்டட்டை வெல்டிங் வைத்துப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஆர்4 போன்ற உயர்தர எஃகை ரிக்கின் தளத்தில் வெல்டிங் செய்தால், வெப்பம் பட்ட ஓரம் கெட்டியாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து சில நாள் கழித்து விரிசல் விடும். வெல்டிங் வைத்த அன்று எல்லாம் நன்றாக இருக்கும் என்பதுதான் இதன் ஆபத்து.

துருவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. அலை அடிக்கும் பகுதியிலும் கடலடியிலும் வருடத்துக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. வரையும், நடுவில் தொங்கும் பகுதியில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரையும் விட்டத்தில் இழப்பு என்று வைத்து வடிவமைப்பது பழைய வழக்கம். ஆனால் வெப்பமான கடல்களில், குறிப்பாக மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், சங்கிலியில் சீரான தேய்மானத்தைவிடக் குழி குழியாய் அரிப்பது வேகமாக நடந்திருக்கிறது. கடலடிச் சேற்றிலும் உயிரிப் படலத்துக்கு அடியிலும் வாழும் சல்ஃபேட் உண்ணும் பாக்டீரியாக்கள் இதில் பங்கு வகிக்கின்றன. மும்பைக் கடலும் வெப்ப நீர்தான். ஆகவே குளிர்கடலுக்கென்று வந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆரஞ்சு நிறப் பொருக்கைத் தட்டினால் உதிர்ந்து, அடியில் கறுப்பாகவும் அழுகிய முட்டை வாடையுடனும் இருந்தால், அந்தக் குழியின் ஆழத்தை அளவெடுத்துப் படம் பிடித்து, அதே கண்ணியை அடுத்த முறையும் தேடிப் பிடித்து அளங்கள். குழிகள் நிறைந்த கண்ணியின் மிஞ்சிய பலத்தை ஒரே சூத்திரத்தில் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. குழியின் வடிவம், அது கண்ணியின் எந்த வளைவில் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது. சந்தேகம் வந்தால் அதைப் பலமான கண்ணியாகக் கருதாதீர்கள்.

பார்ஜ்களிலும் சில ரிக்குகளிலும் வயர்தான் லைன். அதன் பலவீனம் மூன்று இடங்களில் இருக்கும். ஒன்று, சாக்கெட்டின் கழுத்தில் உடையும் இழைகள். இங்கே ஒரு இழை உடைந்திருந்தாலே காரணம் தேட வேண்டும். இரண்டு, தளர்ந்து திடீரென இழுபடும்போது உண்டாகும் கூண்டு வீக்கம். இழைகள் வெளியே பிதுங்கிக் கூண்டுபோல் நிற்கும். அதை நெருக்கி அடித்துச் சரிசெய்ய முடியாது, வெட்டி எடுக்க வேண்டியதுதான். மூன்று, கடலடியில் உரசும் பகுதி. அங்கே சங்கிலியைச் சேர்த்து, வயர் தரையைத் தொடாமல் வைப்பதே முறை. இன்னும் ஒன்று: ஆறு புரிகள் முறுக்கிய வயர்க் கயிறு பாரத்தில் தானாகவே முறுக்குத் தளரப் பார்க்கும். அதோடு சுவிவல் (தானாகச் சுழலும் இணைப்பு) மாட்டினால் முறுக்கு முழுவதும் அவிழ்ந்து பலம் குறையும். சுழல்வது பாதுகாப்பு என்று நினைத்துச் சுவிவல் மாட்டுவது பெரிய பிழை. பாலியெஸ்டர் கயிறுகள் ஆழ்கடலுக்கு வந்தவை. அவற்றுக்கு மண்ணும் நங்கூரப் படகுகள் இழுக்கும் கூர்மையான ஒர்க் வயரும்தான் எதிரி. கடலடியில் படாமலும், வேறு வயர் குறுக்கே உரசாமலும் பார்த்துக்கொண்டால் பிற சிக்கல்கள் குறைவு.

ஆழம் குறைந்த கடலில் இன்னொன்று கூடுகிறது. தொங்கும் சங்கிலியின் எடைதான் மூரிங் லைனின் ஸ்பிரிங். அலை தள்ளினால் கடலடியிலிருந்து சங்கிலி மேலே எழும், தள்ளியது நின்றால் மறுபடி படுக்கும். 75 மீட்டர் ஆழத்தில் எழ வேண்டியதெல்லாம் எழுந்துவிட்டால் ஸ்பிரிங் தீர்ந்துபோகும். அதற்குமேல் ஒரு மீட்டர் நகர்ந்தாலும் இழுவிசை செங்குத்தாய் ஏறும், நங்கூரத்தையும் மேல்நோக்கி இழுக்கும். வழக்கமான இழுவை நங்கூரம் மேல் இழுப்பைத் தாங்கப் பிறந்ததல்ல, அது கிடைமட்டமாய் இழுபட்டால்தான் மண்ணுக்குள் புதையும். ஆகவே நம் பக்கத்துக் கடலில் நீளமான சங்கிலியைக் கீழே படுக்கவிட்டு நிற்பது ஆடம்பரம் இல்லை. கடலடியில் பல இடங்களில் மேலே இளகிய களிமண்ணும் அடியில் கெட்டித்துப்போன சுண்ணாம்பு மணலும் இருப்பதால், நங்கூரம் புதைந்ததா, மேலே வழுக்கிக்கொண்டே போகிறதா என்று தெரிந்துகொள்ள முன்சோதனை இழுப்பு அவசியம். எதிரெதிர் நங்கூரங்களை ஒன்றுக்கொன்று எதிராய் இழுத்து, குறிப்பிட்ட இழுவிசையில் குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைத்து, எண் இறங்குகிறதா என்று பாருங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால் நங்கூரம் நகர்கிறது. நேரமாகிறது என்று அந்தக் கால் மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். சங்கிலியை இழுக்கும் எந்திரமான வின்ட்லஸின் பிரேக்கையும் அப்போதே பாருங்கள். பிரேக் லைனிங்கில் எண்ணெயோ தண்ணீரோ பட்டால், சங்கிலி பலமாக இருந்தும் பிரேக் வழுக்கி லைன் ஓடிவிடும். இழுத்து முடித்ததும் பாரத்தைப் பிரேக்கில் விடாமல் ஸ்டாப்பருக்கு மாற்றுங்கள். சங்கிலி ஓடிப்போனதும் அறுந்ததும் கப்பலுக்கு ஒன்றேதான்.

இனி மிக முக்கியமானது: அறுந்த லைனைக் கண்டுபிடிப்பது. அறுந்ததும் இழுவிசை காட்டும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அலாரம் அடிக்கும் என்று நினைக்கிறோம். கடலடியில் அறுந்தால் அப்படி நடக்காது. 76 மி.மீ. ஸ்டட் சங்கிலி தண்ணீருக்குள் மீட்டருக்கு ஏறக்குறைய 110 கிலோ எடை. 75 மீட்டர் ஆழத்தில் தொங்கும் துண்டே 8 டன்னுக்கு மேல் காட்டும், கீழே படுத்திருக்கும் துண்டின் உராய்வு அதோடு சேரும். ஆயிரம் மீட்டர் ஆழமாக இருந்தால் தொங்கும் எடை மட்டும் 110 டன். மீட்டரைப் பார்ப்பவருக்கு அது உயிருள்ள லைன்தான். அதிலும் ஃபேர்லீடின் உராய்வு எண்ணை ஏமாற்றும். சங்கிலியை உள்ளே இழுத்து நிறுத்திய பிறகு மீட்டர் உண்மையைவிட அதிகமாகவும், வெளியே விட்டு நிறுத்திய பிறகு குறைவாகவும் காட்டும். ஆகவே ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். எதிர்ப் பக்கத்து லைன்களின் இழுவிசை கூடவே இறங்கியதா? காற்றும் நீரோட்டமும் மாறாதிருக்கும்போது ரிக் நிற்கும் இடம் ஓரிரு மீட்டர் எதிர்த்திசைக்கு நகர்ந்து, திரும்பாமல் இருக்கிறதா? ஃபேர்லீடிலிருந்து சங்கிலி இறங்கும் கோணம் முன்பைவிடச் செங்குத்தாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அமைதியான நாளில் ஒவ்வொரு ஃபேர்லீடையும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு லைன் இல்லாமல் நிற்கிறோம் என்பது தெரியாமல் அடுத்த புயலைச் சந்திப்பதுதான் பெரிய விபத்துகளின் தொடக்கம். 2011 பிப்ரவரி 4 அன்று வட கடலில் கிரிஃபன் ஆல்ஃபா கப்பலின் பத்து லைன்களில் நான்கு அறுந்தன. கப்பல் இடம்பெயர்ந்து கடலடிக் குழாய்கள் சேதமாயின, உற்பத்தி மறுபடி தொடங்க இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. ஒன்று அறுந்தால் பாரம் பக்கத்து லைனுக்குப் போகும், அது அறுந்தால் அடுத்ததற்கு. 1.25 என்ற அந்த எண் ஒரே ஒரு இழப்பைத்தான் மன்னிக்கிறது.

புயல் வரும்போது என்ன செய்வது? காற்று வரும் பக்கத்து லைன்கள் கப்பலைப் பிடித்திருக்கும்போது, எதிர்ப் பக்கத்து லைன்கள் இறுக்கமாக இருந்தால் அவையும் கப்பலைக் காற்றோடு சேர்ந்து இழுக்கின்றன. ஆழம் குறைந்த இடத்தில் இது பெரிய பாரம். ஆகவே கிணற்றைப் பாதுகாப்பாக்கி, கிணற்றையும் கப்பலையும் இணைக்கும் குழாயான ரைசரைக் கழற்றிய பிறகு, எதிர்ப் பக்கத்து லைன்களைத் தளர்த்துவது முறை. எவ்வளவு தளர்த்துவது என்பது உங்கள் ரிக்கின் மூரிங் கணக்கில் இருக்கும், பக்கத்தில் குழாய் ஓடுகிறதா என்பதையும் பொறுத்தது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் நான் டன் எண்ணைச் சொல்வது சரியாகாது. இதையெல்லாம் காற்று ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டும். புயலின் நடுவில் பிரேக்கைத் திறந்து சரிசெய்ய முயல்வது லைனை இழக்கும் வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்களைக் கரைக்கு அனுப்பும் முடிவு. 2021 மே 17 அன்று டாக்டே புயலில், 261 பேருடன் மும்பைக் கடலில் நின்ற தங்கும் பார்ஜ் பி305, நங்கூரங்கள் கைவிட்டு மிதந்துபோய் மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே புயலில் டிரில்ஷிப் சாகர் பூஷணும் நங்கூரத்தை இழந்து மிதந்தது, அதில் இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். புயல் எச்சரிக்கை சில நாள் முன்பே வந்திருந்தது. மழைக்காலத்துக்காகப் பார்ஜ்கள் கரைக்குத் திரும்பும் நேரத்துக்குச் சற்று முன்னதாக அது வந்ததுதான் பொல்லாத வேளை. சொந்த எஞ்சின் இல்லாத பார்ஜுக்கு மூரிங் லைன்தான் ஒரே பிடிமானம். அது வடிவமைக்கப்பட்ட காற்று வேகத்தைவிட முன்னறிவிப்பில் காற்று அதிகமாகத் தெரிந்தால், எட்டு நங்கூரம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆட்களை வைத்துக்கொண்டிருக்க ஒரு நியாயமும் இல்லை. எந்தக் காற்று வேகம் முன்னறிவிக்கப்பட்டால் யார், எத்தனை மணி நேரத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, டூல்புஷர் (துளையிடும் வேலையின் மேற்பார்வையாளர்) அறையிலும், கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் அறையிலும் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கப்பலில் ஏறிய முதல் வாரத்தில் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: மூரிங் கணக்கு அறிக்கை, ஆர்.ஓ.வி. (தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கிக் கருவி) கடைசியாகப் பார்த்ததன் காணொளி, சங்கிலி அளவுப் பதிவேடு, இணைப்புக் கண்ணிகளின் எண் பட்டியல். காணொளியைப் பார்க்கும்போது கடலடியைத் தொடும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கேமரா அங்கே வேகமாக ஓடிவிடும், சேறு கலங்கிவிடும் என்பதால். அந்தப் பகுதி தெளிவாக இல்லை என்றால் அது பார்க்கப்படவில்லை என்றே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நங்கூரப் படகு லைனைப் பிடித்திருக்கும்போது, வயரோ சங்கிலியோ இழுபட்டு நிற்கும் திசைக்கு நேராகவும், அது திரும்பும் சக்கரத்தின் உள்வளைவிலும் நிற்காதீர்கள். அறுந்து சாட்டையாய் வரும் வயருக்கு முன் ஹெல்மெட் உதவாது. உங்கள் ரிக்கில் சங்கிலி எந்தத் தரம், என்ன விட்டம், ஸ்டட் உள்ளதா இல்லாததா, ஃபேர்லீடு எத்தனை பள்ளம் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்ல முடியும்.